பின்னால் வைத்த கால்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பினாங்குப் பாலத்துக்கு அப்போது தூண்கள் மட்டும்தான் கடலில் நின்றன. தீவிலிருந்து அந்தக் கரைக்குப் போக ஃபெர்ரிதான் வழி. ஜார்ஜ்டவுனில் ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். வயது இருபத்தேழு. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு பள்ளித் திடலில், நான் சத்தமாகச் சொன்ன இரண்டே வார்த்தையைச் சரி செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

சாஃப்ட்பால் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பேஸ்பால் மாதிரியேதான். பந்து கொஞ்சம் பெரிசு, கையைக் கீழாகச் சுழற்றி வீச வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். திடலில் இருக்கும் நாலு பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, கடைசி பேஸான ஹோமுக்கு வந்துவிட்டால் ஒரு ஓட்டம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிகளில் நெட்பாலுக்கு அடுத்தபடி இதற்குத்தான் மவுசு. மாணவியாக இருந்தபோது நானும் ஆடியிருக்கிறேன். டீச்சரான பிறகு ஆட முடியவில்லை, விட்டுவிடவும் மனசு வரவில்லை. நடுவர் பயிற்சி நடக்கிறது என்று பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்ததும் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சிக்கு வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். பரீட்சை எழுதி, பாஸாகி, நடுவர் பட்டியலில் பெயர் வந்தபோதும் நான் ஒருத்திதான். நெஞ்சுக்குப் போடும் கவசம் ஆண்களின் அளவுக்குத் தைத்தது. குனிந்தால் தாடையில் வந்து இடிக்கும். உடன் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், பயமா இல்லயா?" என்று கேட்பார். வீட்டில் அம்மா வேறு, "சேலை கட்டிப் பாடம் நடத்துற பொண்ணு, வெயில்ல குந்திக்கிட்டுக் கெடக்குது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. தயங்கக் கூடாது. ஒரு முடிவு சொன்னால் சொன்னதுதான். ஆண் நடுவர் தயங்கினால் யோசிக்கிறார் என்பார்கள், நான் தயங்கினால் பெண் என்பார்கள். இப்படி நினைத்தது தவறென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு என்னைக் குழியில் தள்ளியது அந்த நினைப்புதான்.

அது மாநிலப் பள்ளிகளுக்கான பெண்கள் இறுதி ஆட்டம், நான்தான் நடுவர். தீவில் இருந்த ஒரு பெரிய பள்ளியும், அந்தக் கரையில் நிபோங் திபால் பக்கமிருந்து வந்த ஒரு பள்ளியும் மோதின. பெரிய பள்ளிக்கு ஒரே மாதிரி சீருடை, பந்து பிடிக்கப் புது கிளவ், பஸ் நிறைய ஆதரவாளர்கள். அடுத்த பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து கிளவ்வைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு பிட்சர் இருந்தாள். பந்து வீசும் பெண்ணுக்கு அதுதான் பெயர். ஒன்பதாம் எண் சட்டை, ஐந்தாம் படிவம், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, படிக்கும் தமிழ்ப் பிள்ளை, ஒல்லி. வீசினால் பந்து வருவது தெரியாது, எனக்கு முன்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையில் விழும் சத்தம்தான் கேட்கும்.

ஏழாவது இன்னிங்ஸ், கடைசி. ஆட்டம் சமநிலை. பெரிய பள்ளி அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பேஸில் அவர்களுடைய ஒரு பெண் ஓடத் தயாராக நின்றாள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் நீளும், அந்த மூன்றாவது பேஸ் பெண் ஓடி வந்துவிட்டால் முடிந்துவிடும்.

பிட்சர் தன் இடத்துக்கு வந்தாள். அங்கே தரையில் ஒரு வெள்ளை ரப்பர் பலகை பதித்திருக்கும். இரண்டு காலும் அதில் பட்டு நிற்க வேண்டும். பிறகு இரண்டு கையையும் பந்தோடு சேர்த்து, ஒரு விநாடியாவது அசையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீசலாம். வீசுகிற மாதிரி பாவனை காட்டி ஓட நிற்பவளை ஏமாற்றக் கூடாது. அப்படிச் செய்தால் பேஸ்பாலில் 'பால்க்' என்பார்கள், சாஃப்ட்பாலில் 'இல்லீகல் பிட்ச்'. தண்டனையாக, பேஸில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரு பேஸ் சும்மாவே முன்னேறலாம்.

அவள் கையைச் சேர்த்தாள். நின்றாள். திடீரென்று ஒரு காலைப் பின்னால் எடுத்துப் பலகையை விட்டு இறங்கினாள். பிறகு கையைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லீகல் பிட்ச்" என்று கத்தினேன்.

மூன்றாவது பேஸில் இருந்த பெண்ணுக்கே ஒன்றும் புரியவில்லை. நான் கையைக் காட்டி வரச் சொன்னேன். அவள் ஓடவில்லை, தயங்கித் தயங்கி நடந்தே வந்து ஹோம் பேஸை மிதித்தாள். ஆட்டம் முடிந்தது. பெரிய பள்ளிப் பக்கம் சத்தம் கிளம்பியது.

ஒன்பதாம் எண் பெண் என்னிடம் வந்தாள். முதலில் மலாய் மொழியில், நான் பின்னால்தான் இறங்கினேன் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழில், "டீச்சர், வேர்வை கண்ணுல விழுந்திருச்சு. நான் பின்னாலதானே கால வச்சேன்?" என்றாள்.

நான் அவளுக்குத் தமிழில் பதில் சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளையோடு தமிழில் பேசுவதைப் பார்த்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று எனக்குப் பயம். மலாயில், வாயை மூடு, என் முடிவே முடிவு, போய் வரிசையில் நில் என்றேன். அவள் போய் வரிசையில் நின்றாள். அவளுடைய பயிற்சி ஆசிரியர் புவியியல் கற்பிப்பவர். பொறுப்பு தலையில் விழுந்ததால் வந்தவர், விதியெல்லாம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் வந்து எனக்குக் கை கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஆட்ட அறிக்கை எழுதினேன். 'ஒன்பதாம் எண் பிட்சருக்கு வீச்சு விதிகள் தெரியவில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதினேன்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்த பிறகு, எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விதி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இறுதி ஆட்டத்தில் நடந்ததையே உதாரணமாக எடுத்து, கையைச் சேர்த்துவிட்டால் வீசித்தான் ஆக வேண்டும் என்றேன். இரண்டாம் படிவத்துச் சீனப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது. "கை சேர்த்த பிறகு தும்மல் வந்தால் என்ன செய்வது டீச்சர்?" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். புத்தகத்தில் இருக்கிறது, வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லி, ஆங்கில விதிப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன்.

பாதி வரை நான் சொன்னதுதான் இருந்தது. வாக்கியம் அங்கே முடியவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனது. கைகளைப் பிரிப்பதற்கு முன், பிட்சர் பலகையிலிருந்து பின்பக்கமாக இறங்கினால் குற்றமில்லை, முன்னாலோ பக்கவாட்டிலோ இறங்கினால்தான் குற்றம் என்று இருந்தது.

அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். பரீட்சைக்குப் படிக்கும்போது அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை. பதினைந்து பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்தச் சின்னப் பெண், "அப்படின்னா அந்த அக்கா செஞ்சது சரிதானே டீச்சர்?" என்று மலாயில் கேட்டது. சரிதான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

மறுநாள் நடுவர்களுக்குத் தலைவராக இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், மரியாதையானவர், என்னைப் பட்டியலில் சேர்க்க வாதாடியவரே அவர்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, புத்தகத்தை வாங்கிப் பார்த்து, ஆமாம் தவறுதான் என்றார். பிறகு மூடி வைத்தார். ஆட்டம் முடிந்துவிட்டது, முடிவை இனி மாற்ற முடியாது, எதிர்ப்பு தெரிவிப்பதென்றால் அவர்கள் அப்போதே தெரிவித்திருக்க வேண்டும் என்றார். நடுவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் நாளைக்கு ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் வாசலில் வந்து நிற்பார் என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, நீங்கள் முதல் பெண், உங்களைப் பிடிக்காதவர்கள் கையில் நீங்களே கம்பைக் கொடுக்காதீர்கள் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

எழுந்து வரும்போது எனக்கு ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார். அந்தப் பிள்ளை மறுபடி உங்கள் முன்னால் வந்து நிற்க மாட்டாள், கவலைப்படாதீர்கள், மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குக் கூப்பிட்டவர்கள் பட்டியலிலேயே அவள் பெயர் இல்லை, உங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு நீக்கிவிட்டார்கள் என்று.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேனோ என்னவோ. அறிக்கையில் நான் எழுதிய அந்த ஒரு வரி என்னை விடவில்லை. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் அவள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், எனக்கு என்ன ஆனாலும் சரி என்று முடிவு செய்தேன். ஆனால் காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

அவள் பள்ளிக்குப் போன் போட்டேன். புவியியல் ஆசிரியர் பேசினார். அவள் பயிற்சிக்கே வருவதில்லை, கேட்டால் வயிற்று வலி என்கிறாள் என்றார். அவள் வீடு எந்த எஸ்டேட்டில் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, நிபோங் திபாலில் இறங்கி, டெக்சியில் எஸ்டேட் முச்சந்தி வரை போனேன். மேலே டெக்சி போகாது என்றார் டிரைவர். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் இருபது நிமிஷம் நடந்தேன். போகிற வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் அழகான வாக்கியங்கள். ஒன்றும் பயன்படவில்லை.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் மூன்றாவது வீடு. அப்பா அப்போதுதான் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து குளித்திருந்தார். நான் டீச்சர் என்றதும் அவசரமாகச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். உட்காரச் சொன்னார், மைலோ கலக்கச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள், "எம்புள்ள ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா நல்லா கண்டிச்சிருங்க டீச்சர். அன்னைக்கு ஆட்டத்துல கூட ஏதோ தப்பு பண்ணிட்டாளாம்" என்றார்.

"தப்பு அவ பண்ணலண்ணே. நான்தான் அன்னைக்கு நடுவர். நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சமையலறை வாசலில் மைலோ மக்கோடு நின்ற மகளைப் பார்த்தார். "அப்ப இவ பொய் சொல்லலியா?" என்று கேட்டார். பிறகு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே பேசுவது மாதிரி, "வீட்டுக்கு வந்து அழுதா டீச்சர். சரியாத்தான் செஞ்சேன்னா. அங்க இருக்கிற படிச்சவங்க பொய் சொல்வாங்களா, வாய மூடுன்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

நானும் அதே வார்த்தையைத்தானே சொன்னேன். திடலில் நான் வாயை மூடச் சொன்னேன், வீட்டில் அப்பா சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை மூடிக்கொண்டுவிட்டது.

அவள் மக்கை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். பள்ளியில் இருந்த ஆங்கில விதிப் புத்தகத்தை இரவல் வாங்கி, அகராதி வைத்துப் பார்த்துப் பார்த்து, மலாயில் தன் கையெழுத்தில் முழுக்க எழுதி வைத்திருந்தாள். நான் திருப்பாத பக்கமும் அதில் இருந்தது. அதை என் முன்னால் வைத்தாளே தவிர, விரலை வைத்துக்கூடக் காட்டவில்லை.

மன்னிச்சிரும்மா என்றேன். ஒத்திகை பார்த்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அவள் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை மூடினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். அவள் சொன்னது அப்படியே எனக்கு நினைவிருக்கிறது.

"எனக்குத் தெரியும் டீச்சர், நான் சரியா செஞ்சேன்னு. எங்கிட்ட நீங்க சொல்லணும்னு இல்லலா. என்கூட ஆடுன எட்டுப் பேருக்குத்தான் தெரியாது. என்னாலதான் தோத்தோம்னு நெனைக்கிறாங்க. கேட்சர் எங்கூடப் பேசுறதே இல்ல. அத்தன பேருக்கு முன்னால சொன்னீங்க. இப்ப வீட்டுல வந்து சொல்றீங்க."

அப்பா அதட்டப் போனார். நான் தடுத்தேன். அவள் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்கில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எல்லாருக்கும் முன்னால் செய்த தப்பை எல்லாருக்கும் முன்னால்தான் திருத்த வேண்டும். நான் கணக்கு டீச்சர், எனக்கு அது புரிந்தது.

திங்கட்கிழமை உங்கள் அசெம்பிளிக்கு வருகிறேன் என்றேன். அவள் நம்பினாளா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்தப் பள்ளித் திடலில் நிற்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் முடியாது. என் அண்ணன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாப்பிடக்கூட இல்லை, "ஏறு" என்றார். மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் ஏறினோம். ஃபெர்ரியில் நின்றபடியே கொஞ்சம் தூங்கினார். அந்தக் கரை வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓட்டினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் தூறல் வந்தது. நிறுத்தட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

தலைமையாசிரியருக்கு முன்பே போனில் சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். இருந்தாலும் அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தேசிய கீதம், அறிவிப்புகள் எல்லாம் முடிந்த பிறகு, தீவிலிருந்து ஒரு ஆசிரியை வந்திருக்கிறார், ஏதோ சொல்ல வேண்டுமாம் என்று மட்டும் சொல்லி மைக்கைக் கொடுத்தார்.

எண்ணூறு பிள்ளைகள் இருக்கும். மலாயில் பேசினேன். நான் யார் என்று சொன்னேன். இறுதி ஆட்டத்தில் உங்கள் பள்ளி பிட்சர் தவறு செய்ததாக நான் சொன்னேன், அவள் தவறு செய்யவில்லை, தவறு செய்தது நான் என்றேன். வார்த்தையில் சொன்னால் எல்லாருக்கும் விளங்காது என்று தோன்றியது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடையிலேயே இரண்டு காலையும் சேர்த்து நின்றேன். கையைச் சேர்த்தேன். ஒரு காலைப் பின்னால் வைத்தேன். பிறகு கையைப் பிரித்தேன். இதுதான் அவள் செய்தது, விதிப்படி இது சரி, விதியை நான் பாதிதான் படித்திருந்தேன் என்றேன். மூன்றாவது பேஸிலிருந்து நடந்து வந்த அந்த ஓட்டத்தை நான்தான் கொடுத்தேன், அது அவர்கள் சம்பாதித்தது இல்லை, உங்கள் பிள்ளைகள் விட்டதும் இல்லை என்றேன். அவள் அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னாள், நான் கேட்கவில்லை என்றும் சொன்னேன். இதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற விஷயமும் இல்லை. ஐந்தாம் படிவ வரிசையில் அவள் குனிந்தே நின்றாள். அப்போது பக்கத்து வகுப்பு வரிசையிலிருந்து ஒரு மலாய்ப் பிள்ளை, ஆட்டத்தில் கேட்சராக இருந்தவள், யாரிடமும் கேட்காமல் வெளியே வந்து இந்த வரிசைக்கு நடந்து போய் இவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஒரு ஆசிரியர் திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் போகவில்லை. அவரும் விட்டுவிட்டார்.

பாதி வேலைதான் முடிந்தது. தேர்வுப் பட்டியல் இன்னும் பாக்கி. இரண்டு பக்கம் எழுதினேன். விதி எண், பக்க எண், நடந்தது, நான் சொன்னது, சொல்லியிருக்க வேண்டியது. என் அறிக்கையில் இருந்த அந்த வரியை நீக்கக் கேட்டேன். கீழே கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பாமல், புதன்கிழமை தேர்வுக் குழு கூடும் இடத்துக்கே கொண்டுபோனேன்.

நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் படித்துவிட்டு, இதற்காகத்தான் நாங்கள் அப்போதே சொன்னோம் என்று இன்னொருவரிடம் சொன்னார். என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், பெண் நடுவர் வேண்டாம் என்றுதான். கம்பை நானே கொடுத்துவிட்டேன், அடி விழுந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் பயந்துகொண்டு இருந்தபோது வலித்த அளவுக்கு இல்லை. தேர்வு சனிக்கிழமை, இப்போது போய் எப்படிப் பெயர் சேர்ப்பது என்று இழுத்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னைப் பற்றி என்ன முடிவு வேண்டுமானாலும் எடுங்கள், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஆறு பந்து போடச் சொல்லிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள் என்றேன். நாலு பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்த நடுவர் தலைவர் பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில் தானே அவள் பெயரை எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க எனக்கு ஆட்டம் எதுவும் தர மாட்டார்கள் என்றும், மறுபடி பரீட்சை எழுதிப் பாஸானால்தான் பட்டியலில் இடம் என்றும் கடிதம் வந்தது. நியாயமான தண்டனை. விதி தெரியாத நடுவர் பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை தேர்வுக்கு நானும் போனேன், வேடிக்கை பார்க்க மட்டும். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். அவள் ஆறு பந்து போட்டாள். உடனே இன்னும் போடச் சொன்னார்கள். இரண்டாவது பிட்சராக மாநிலக் குழுவில் எடுத்தார்கள். முதலாவதாக எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் அது என் வேலை இல்லை.

முடிந்ததும் அவள் வேலிப் பக்கம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஒரு சந்தேகம். கையைச் சேத்துட்டு பத்து விநாடிக்கு மேல நின்னா என்னா ஆகும்? புத்தகத்துல இருக்கு, எனக்குச் சரியா விளங்கல" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, அந்த விதியைக் கடைசி வார்த்தை வரை சேர்ந்து படித்தோம்.

பள்ளி முடித்து அவள் நர்ஸாவதற்குத் தாதிப் பயிற்சிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி பட்டியலில் சேர்ந்து, இன்னும் பல வருஷம் திடலில் நின்றேன். தவறுகளும் செய்தேன், செய்யாத நடுவர் யாரும் இல்லை.

இன்றைக்கும் யாராவது, அதுவும் என்னைவிடச் சின்னவர்கள், நீங்கள் சொல்வது சரியில்லை என்றால் எனக்கு முதலில் வருவது கோபம்தான், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபம் வருகிற நிமிஷத்தில்தான் நான் முழுசாகப் படிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.